கப்பலில் போட்ட கணக்கும் எக்ஸ்ரே நோவாவும்: யார் இந்த சந்திரசேகர்?

2015 ஜூன் 16, மலேசிய நேரம் அதிகாலை இரண்டரை மணி இருக்கும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நீங்கள் நல்ல தூக்கத்தில் இருந்திருப்பீர்கள். அந்த நேரத்தில், நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளில் திடீரென எக்ஸ்ரே கதிர்கள் வந்து மோதின. 26 வருடம் அமைதியாக இருந்த 'வி404 சிக்னி' மறுபடி பொங்கிவிட்டது.

இதைத்தான் எக்ஸ்ரே நோவா என்கிறார்கள். ஒரு கருந்துளை, பக்கத்திலுள்ள நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கிறது. அது உடனே உள்ளே விழாது. தட்டுபோல் சுற்றிச் சுற்றிப் பல வருடம் சேரும். ஒரு கட்டத்தில் தட்டு சூடேறி, வாயு மளமளவென்று உள்ளே பாயும். அப்போதுதான் இந்த வெடிப்பு.

இப்படி ஒரு கருந்துளை உருவாக முடியும் என்பதற்கு வழி திறந்தது ஒரு தமிழ்ப் பையனின் கணக்கு.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தார். அப்பா ரயில்வே தணிக்கை அதிகாரி (ரயில்வே குடும்பம் என்றால் என்னவென்று பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை). சித்தப்பா, சர் சி.வி. ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பு முடிந்ததும், 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறினார். வயது 19. உங்களில் பலர் எஸ்.டி.பி.எம். முடிக்கிற வயசுதான். அம்மா சீதாலட்சுமி அப்போது கடும் நோயில் இருந்தார்; இருந்தும் மகன் போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். மகனால் மறுபடி அம்மாவைப் பார்க்கவே முடியவில்லை.

அந்தப் பயணத்தில்தான் கணக்கு பிறந்தது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாகச் சுருங்கி நிற்கும் என்று அன்று நம்பினார்கள். சந்திரசேகரின் விடை வேறு: சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் அது நிற்காது, சுருங்கிக்கொண்டே போகும்.

1935 ஜனவரி 11, லண்டன் அரச வானியல் கழகத்தில் இதை முழுசாக விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் மிகப் பெரிய பெயர். அவ்வளவு நாள் கணக்கு எப்படிப் போகிறது என்று அக்கறையாக விசாரித்தவர், இப்போது இயற்கை இதை அனுமதிக்காது என்று கேலி செய்தார். அரங்கம் சிரித்தது. கணக்கு சரிதான் என்று சில பெரிய இயற்பியலாளர்கள் தனியாக ஒப்புக்கொண்டார்கள். வெளியே சொல்ல யாரும் வரவில்லை. எங்களைக் கேட்டால், கேலியைவிட இந்த மௌனம்தான் மோசம்.

சந்திரசேகர் சண்டை போடவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார், வேறு ஆய்வுகளில் இறங்கினார். எடிங்டனிடம் நட்பும் முறியவில்லை.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1938-இல் இதே வி404 சிக்னி வெடித்தது. புகைப்படத் தகட்டிலும் பதிவானது. ஆனால் சாதாரண நோவா என்று நினைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். பார்க்க விண்வெளிக்கே போக வேண்டும். அன்று ஏது செயற்கைக்கோள்?

1989-இல் அது மறுபடி வெடித்தபோது ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் பிடித்தது. வெடிப்பு அடங்கிய பிறகு துணை நட்சத்திரத்தின் ஓட்டத்தை அளந்தார்கள்: ஆறரை நாளுக்கு ஒரு சுற்று. அப்படியென்றால் அதை இழுப்பது சூரியனைப்போல் குறைந்தது ஆறு மடங்கு. கருந்துளையைத் தவிர வேறெதுவும் பொருந்தவில்லை. இந்த முடிவு வெளியான 1992-இல் சந்திரசேகருக்கு வயது 81. நோபல் பரிசு வாங்கியே ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

1995-இல் அவர் மறைந்தார். 1999-இல் நாசா ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர். 2015 வெடிப்பின் எக்ஸ்ரே, வழியிலுள்ள தூசியில் சிதறி, வளையம் வளையமாகத் தெரிந்ததை அதுவும் படமெடுத்தது.

அந்த இடத்தை நீங்களும் பார்க்கலாம். அக்டோபர் தொடக்கத்தில், இரவு 9 மணிக்கு, மழை இல்லையென்றால் வடக்கே திரும்புங்கள். பாதி உயரத்தில் மின்னுவது டெனெப். அதற்குக் கொஞ்சம் மேலே, அன்னத்தின் உடல்பக்கம். இப்போது அங்கே எதுவும் தெரியாது, வாயு சேர்ந்துகொண்டிருக்கிறது.