திருவானைக்காவல் தந்த விஞ்ஞானி

இருதயத்து இரத்தக் குழாய்களில் படியும் கொழுப்பை, ஒளி சிதறும் விதங்கொண்டு ஆராயும் முறையொன்று இன்று உலக ஆராய்ச்சிச் சாலைகளில் வழங்குகிறது. அதற்கு மூலமான உண்மையைக் கண்டவர், திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் நடுவேயுள்ள திருவானைக்காவலில் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி பிறந்த ஸர் சந்திரசேகர வெங்கட ராமன் ஆவார்.

1906-ல், சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயிலும்போதே, அவரது முதற் கட்டுரை லண்டன் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. மறு வருஷம் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கிலாகாவில் அமர்ந்தார். உத்தியோக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சியிலேயே கழிந்தது. சம்பளம் குறையுமென்று தெரிந்தும் 1917-ல் சர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

உண்மையைக் கண்டறிவது பாதி வேலை. காலத்தில் பிரசுரிப்பதே மறுபாதி. அதற்கு அந்நியர் தயவை மட்டும் நம்பி நிற்றல் சுதேசிகளுக்கு அழகன்று. 1926-ல் ராமன் கல்கத்தாவிலேயே பௌதிக சாஸ்திரப் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி, கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன் புதிய ஒளியைக் கண்டதும், அதன் விவரத்தை அப்பத்திரிகையில் விரைந்து வெளியிட்டார். மாஸ்கோவில் அதே உண்மையைத் தனியே கண்ட ருஷ்ய அறிஞர்களின் கட்டுரை பின்னரே வெளிவந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கே கிடைத்தது.

1970 நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில் அவர் மறைந்தார். இருதய நோயை நாள்தோறும் காணும் நம் வைத்தியர்கள், தாம் கண்டதைத் தாமதமின்றி அச்சேற்றி உலகின் முன் வைப்பார்களாக. ராமனுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.