தன் சம்பளத்தைத் தானே சொன்ன கொடுமுடி கோகிலம்

தைப்பூசக் காலத்தில் குளுவாங் சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் கே.பி. சுந்தராம்பாளின் குரல் கேட்காமல் இருக்காது. நியோர், பாலோ, ரெங்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் நம் பெரியவர்களுக்கு அவர் ஔவைப் பாட்டி. ஆனால் அந்தக் குரலை வைத்துப் பிழைக்க அவர் பட்ட பாடு இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னால் உள்ள 'கே' ஊரையும் 'பி' தாய் பாலாம்பாளையும் குறிக்கும். தந்தையை இழந்த குடும்பம் வறுமையில் வாடியது. அந்தச் சிறுமி ரயிலில் பாடி, பயணிகள் கொடுத்த காசை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பிறகு வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, சிறுவர் வேடங்களில் மேடை ஏறினார்.

அப்போது மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். மேடைக்கு வந்த பெண்களின் பாட்டை ஊர் ரசித்தது. அவர்களைக் குடும்பப் பெண்களாக மட்டும் மதிக்கவில்லை. நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் நாடகம் என்றால் ஆண்கள்தான் சேலை கட்டி ஆடினார்கள்.

1926-இல் இலங்கையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவருக்கு ஜோடியாக வந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் குரலுக்கு ஈடுகொடுக்க யாராலும் முடியாது என்று பேசப்பட்ட காலம் அது. சுந்தராம்பாள் ஈடுகொடுத்தார். இருவர் பாட்டுக்கும் கூட்டம் அலைமோதியது. மறு ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. கணவர் குடிக்கு அடிமையானார், பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். நகை இல்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். தமிழ்ப் படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன நேரம் அது. ஜோடி சேராத நடிகைக்குப் படத்தில் என்ன வேலை இருக்கும்? தொழிலே முடிந்துபோயிருக்க வேண்டும்.

அப்போதுதான் அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவரைத் தேடி வந்தார். ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்று சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அவரோ சரி என்று தலையாட்டிவிட்டார். மலாயா ரப்பர் தோட்டத்தில் ஆணின் ஒரு நாள் கூலி அரை வெள்ளிக்கு அங்குமிங்குமாக இருந்தது, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அந்தக் காலத்தில் ஒரு லட்சம்! 1935-இல் படம் வந்தது. நந்தனார் வேடத்தையே சுந்தராம்பாள் போட்டார். ஆண் வேடம் என்பதால் ஜோடிப் பேச்சுக்கே இடமில்லை, முடிவும் மீறப்படவில்லை.

பிறகு வந்த வேடங்களைப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்'. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் மறுபடி ஔவையார். 1973-இல் 'காரைக்கால் அம்மையார்'. எல்லாமே துறவிகளும் பக்தைகளும். தாம் போட்ட கட்டுப்பாட்டுக்குள்ளேயே நாற்பது ஆண்டுத் தொழிலைக் கட்டினார். ஆனால் இருபத்தைந்து வயதிலேயே இளமை வேடங்கள் அத்தனையும் கைவிட்டுப் போயின என்பதும் உண்மை. மனைவியை இழந்த நடிகர் யாரிடமும் ஊர் வெள்ளை உடையை எதிர்பார்த்ததில்லை.

காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடியபோதும் கூட்டம் குவிந்தது. 1950-களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக் கலைஞர் என்ற பெயர் அவருக்கு உண்டு. கொடுமுடியில் சொந்தமாகத் திரையரங்கு கட்டினார். அறுபதைத் தாண்டிய பிறகு 'துணைவன்' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1980-இல் காலமானார்.

நம் ஊரில் இன்றும் பெண் பிள்ளை பாட்டோ பரதமோ கற்றால் கை தட்டுகிறோம். எஸ்.பி.எம். முடிந்ததும் போதும் என்று நிறுத்திவிடுகிறோம். திருவிழாவுக்குப் பாட அழைத்தால், கோயில் காரியம்தானே என்று ஒரு மாலையோடு அனுப்பிவிடுகிறோம். பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி கட்டியவருக்கும் மட்டும் பேசிய தொகையைக் கொடுக்கிறோம். ரயிலில் பாடிய ஏழைச் சிறுமி வளர்ந்து தன் சம்பளத்தைத் தன் வாயால் சொன்னார். அடுத்த திருவிழாவுக்குப் பாட ஒரு பெண்ணை அழைக்கும்போது, சம்பளம் எவ்வளவு என்று நாமே முதலில் கேட்கலாம்.