பிரிக்க முடியாத ஈயம்
புற்றுநோயாளிகளுக்கு எடுக்கப்படும் 'பெட் ஸ்கேன்' சோதனைக்கு வழிவகுத்தவர்களுள் முக்கியமானவர் ஜார்ஜ் தெ ஹெவெசி. 1885ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த இவர், பியாரிஸ்ட் துறவியரின் பள்ளியில் பயின்றவர்.

1911ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரூதர்ஃபோர்டு, ஈயத்தோடு கலந்திருந்த ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுக்கும்படி இவரைப் பணித்தார். எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. பாவம், அதுவும் ஈயத்தின் ஒரு வகையே என்பது அன்று தெரியாது! பிரிக்க முடியாதென்றால், ஈயம் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்லுமே, அதன் கதிர்வீச்சைக் கொண்டு ஈயத்தைப் பின்தொடரலாமே என்று ஹெவெசி சிந்தித்தார். 1923ல் செடிகளிலும், 1935ல் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொண்டு எலிகளிலும் இம்முறையைச் செய்து காட்டினார். 1943ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நொபெல் விருது இதற்கே கிடைத்தது. 1966ல் அவர் காலமானார்.

இன்று சைக்ளோட்ரான் கருவியில் ஃபுளோரின்-18 தயாரித்து, குளுக்கோஸோடு இணைத்து நோயாளிக்கு ஊசி வழியாகச் செலுத்துகின்றனர். சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் புற்றுக்கட்டி படத்தில் ஒளிர்கிறது. ஏறத்தாழ 110 நிமிடங்களில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடுவதால், அன்றன்றே தயாரித்து மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்கின்றனர்.