பத்து வெள்ளியும் ஒரு சமுதாயமும்: துன் வீ. தி. சம்பந்தன்

தலைநகரில் மோனோரயில் ஏறுவோர் நாள்தோறும் காதில் வாங்கும் பெயர் அது. பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கும் அதே பெயர்தான். சுங்கை சோவில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளி முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்குத் துன் சம்பந்தன் என்பவர் நெடுநாளாக ஒரு நிலையத்தின் பெயராகவும், வரலாற்றுப் பாடநூலில் ஒரு படமாகவும் மட்டுமே இருந்தார்.

தாத்தா காலமானபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்தது. ஆயுள் முழுவதும் மரம் சீவிய மனிதருக்குத் தோட்டத்தில் பங்கா? அந்தக் கேள்வியே என்னை இக்கட்டுரைக்கு இட்டு வந்தது.

பிறப்பும் கல்வியும்

திருஞானசம்பந்தன் 16.6.1919 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீரசாமி, தமிழகத்திலிருந்து வந்து தம் உழைப்பால் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். ஆக, சம்பந்தன் லயத்தில் பிறந்த பிள்ளை அல்லர். வசதியான வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் பயின்றபின் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தின் அனல் மாணவர்களிடையே பரவியிருந்த காலம் அது. காந்தியத்தின் பால் அவருக்கு ஏற்பட்ட பற்று இறுதிவரை குன்றவில்லை. உலகப் போர் முடிந்து 1946-இல்தான் அவரால் தாயகம் திரும்ப முடிந்தது. அதே ஆண்டில்தான் ம.இ.கா.வும் தோன்றியது.

1948-ஆம் ஆண்டு, சரியாக அவருடைய பிறந்தநாளில், சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அந்தச் சூழலிலும் அவர் கல்வியைத் தள்ளி வைக்கவில்லை. அவருடைய முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி 1954-இல் திறப்பு விழா கண்டது. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் அதனைத் திறந்து வைத்தார்.

வரவழைக்க நிதி இருந்தது, வாழவைக்க?

சம்பந்தனின் பணியை எடைபோடுமுன் ஒரு பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். 1907-இல் மலாயாவில் இந்தியர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. அரசாங்கம் நிருவகித்தது, பணமோ தோட்ட முதலாளிகள் ஆள் கணக்குப்படி கட்டிய வரி. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்க வைப்பது, கப்பல் கட்டணம், பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நோய்த்தடுப்பு முகாம் என அனைத்திற்கும் அந்த நிதி வழிவகுத்தது. 1938-இல் இந்திய அரசு இத்தகைய குடிபெயர்வைத் தடை செய்தது. 1958-இல் அந்த நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தொழிலாளியைக் கொண்டுவந்து சேர்க்க அன்று சட்டம் இருந்தது, நிதி இருந்தது, முகாம் இருந்தது. ஆனால் அவன் இந்த மண்ணிலேயே வேரூன்றிவிட்டால் அவனுக்கு வீடு எது, நாடு எது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் பதில் இல்லை. லயம் தோட்டத்துடையது. வேலை போனால் கூரையும் போகும்.

அமைச்சரும் அடையாள அட்டையும்

1955-இல் சம்பந்தன் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அவ்வாண்டுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐக் கைப்பற்றியது. கிந்தா உத்தாரா தொகுதியில் வென்ற அவர் தொழிலமைச்சர் பொறுப்பேற்றார். பின்னர் சுகாதாரம், அதன்பின் நெடுங்காலம் பொதுப்பணி, தபால், தந்தித் துறைகளை வகித்தார்.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் அதற்கு முன் பிறந்த தோட்ட மக்கள் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், அன்றைய கூலியை இழந்து பட்டணம் போக முடியாதவர்கள் தவறவிட்டார்கள். என் பாட்டியும் அவர்களுள் ஒருவர். அவர் கையில் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான். 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை அற்றவர்கள் வேலை அனுமதி பெற வேண்டிய நிலை வந்தபோது, பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். இதனைத் தடுக்கத் தலைமை இன்னும் முனைந்திருக்க வேண்டும் என்னும் குறை சம்பந்தன் மேல் இன்றும் உண்டு. அது முற்றிலும் நியாயமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துண்டாடலுக்கு எதிராக

ஐம்பதுகளில் ஆங்கிலேயர் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதிய நூல் அக்கால அவலத்திற்குச் சான்று. வேலையும் லயமும் ஒரே நாளில் போயின.

அரசாங்கம் பணம் தரும் என்று சம்பந்தன் காத்திருக்கவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மரம் சீவுபவருக்கு அது பெருந்தொகை. ஆகவே பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசிப் பங்கு சேர்த்தார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் வந்தன. உழைத்த மண்ணில் உழைத்தவனுக்கே பங்கு! தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தது இந்த வரலாறுதான்.

ஒற்றுமைத் துறையும் ஓய்வும்

1969 மே 13 கலவரத்திற்குப்பின் இன ஒற்றுமை அரசாங்கப் பணியாயிற்று. 1972-இல் தேசிய ஒற்றுமை அமைச்சு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வந்தேறிகளின் பிள்ளை ஒருவர், நாட்டை ஒன்றிணைக்கும் துறைக்கு அமைச்சரானார். 1973-இல் உட்கட்சிப் பூசலுக்கிடையே தலைமைப் பொறுப்பு டான்ஸ்ரீ வெ. மாணிக்கவாசகத்திடம் சென்றது. அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகியபின் தேசிய ஒற்றுமை வாரியத் தலைவராகப் பணியாற்றிய சம்பந்தன், 18.5.1979 அன்று மறைந்தார்.

நாம் செய்ய வேண்டியது

கூட்டுறவால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை. நம் வட்டாரத்தில் நைகல் கார்டனர், மேரி, புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் தோட்ட மக்கள் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டுகள் போராடியது நாமறிந்ததே. தாத்தா பங்கு வைத்திருந்தார். ஆனால் அவர் உறங்கியது இறுதிவரை லயத்தில்தான்.

இன்று தோட்டக் குடியிருப்புகளில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் வாழ்கின்றனர். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகவே அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குச் சட்டப்படியான தங்குமிடமும் இல்லை. அவர்களைக் காணும்போது முகம் சுளிப்பவர்கள் நம்மிலும் உண்டு. ஆவடி முகாமிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதை மறக்கலாமா?

ஓர் அரசாங்கம் தரவேண்டியதைக் கேட்டுப் பெறுவது உரிமை. அது வரும்வரை பத்து வெள்ளியோடு ஒன்று சேர்வது கடமை. சம்பந்தனின் வாழ்வில் நான் கற்றது இதுதான். அடுத்த முறை மோனோரயிலில் அந்த நிலையம் வரும்போது, உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைத் திறந்து கேளுங்கள். நான் தாமதித்துவிட்டேன்.