சூரியனுக்குக் கணக்கு எழுதியவர்

கொடைக்கானல் மலையில் எவர்ஷெட்

சூரியன் முகத்தில் கரும்புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளில் இருந்து ஆவி நாலாபக்கமும் வெளியே பாய்கிறது. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 2 கிலோ மீட்டர்!

இதை உலகில் முதன் முதலாகக் கண்டுபிடித்தவர் ஜான் எவர்ஷெட். கண்டுபிடித்த நாள், 1909-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி. கண்டுபிடித்த இடம், பழனி மலைத் தொடரில் உள்ள கொடைக்கானல்.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அடிக்கடி செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு சிறு கருவியை ஒரே முறை ஒழுங்காகச் செய்து வைப்பார். பிறகு எந்த ஆராய்ச்சி வந்தாலும் அதையே எடுத்துப் பயன்படுத்துவார். அதைப் பழுது பார்த்துக் கொண்டே இருப்பார். இன்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் கைக்கொள்ளும் வழியும் இதுதான்.

இளமை

எவர்ஷெட் இங்கிலாந்துக்காரர். சர்ரே மாவட்டத்தில் கோம்ஷால் என்ற ஊரில் 1864 பிப்ரவரி 26-ந் தேதி பிறந்தார்.

பிழைப்புக்கு லண்டனில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆனால் மனம் முழுவதும் வானத்தில் இருந்தது. 1890-ல் கென்லி என்ற ஊரில் சொந்தமாக ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். ரான்யார்ட் என்ற நண்பர் அவருக்கு 18 அங்குல டெலஸ்கோப்பைக் கொடுத்து உதவினார்.

1896-ல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க நார்வேக்குப் போனார். மேகம் மூடிவிட்டது! கிரகணம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் மேரி ஆர் என்ற பெண்மணியின் நட்புக் கிடைத்தது. அவரும் வான ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர். இருவருக்கும் 1906-ல் திருமணம் நடந்தது. 1907 ஜனவரியில் கணவனும் மனைவியும் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பஞ்சத்தில் பிறந்த நிலையம்

கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏன் வந்தது? அதற்குக் காரணம் பஞ்சம்.

தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழ்நாடு மறக்காது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்தது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். மழை ஏன் தவறியது? சூரியனில் உண்டாகும் மாறுதலுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்வி எழுந்தது. சூரியனைத் தினந்தோறும் கவனிக்க ஒரு நிலையம் வேண்டும் என்று முடிவாயிற்று.

மிச்சி ஸ்மித் என்ற விஞ்ஞானி மலைகளைச் சுற்றிப் பார்த்து, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 7,700 அடி உயரம். தெளிந்த காற்று. 1899-ல் நிலையம் வேலையைத் தொடங்கியது. மோட்டார் போகும் மலைப்பாதை அப்போது கிடையாது. சாமான்கள் எல்லாம் மிகுந்த சிரமத்தோடு மேலே போய்ச் சேர்ந்தன.

ஒரே படி

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வீட்டில் தினமும் அரிசி அளக்கிறார்கள். இன்று ஒரு படி, நாளை வேறு படி என்று அளந்தால் மாதக் கணக்கு சரியாக வருமா? வராது. ஒரே படி வேண்டும். அது நசுங்காமல் இருக்க வேண்டும். நசுங்கினால் உடனே சரி செய்ய வேண்டும்.

சூரியக் கணக்கும் அப்படித்தான். 1910-ல் இருந்த சூரியனையும் 1920-ல் இருந்த சூரியனையும் ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் ஒரே விதமாக அளந்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறு செய்தால் அந்த நாள் திரும்பி வராது.

அதனால் கொடைக்கானலில் ஓர் ஏற்பாடு இருந்தது. சூரியனைப் போன்ற வட்டம் ஒன்றைத் தாளில் அச்சடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். இதற்கு ஸ்டோனிஹர்ஸ்ட் கட்டம் என்று பெயர். சூரியனின் உருவத்தை அந்தக் கட்டத்தில் பொருத்தினால், கரும்புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று உடனே தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியது இல்லை. பூமியில் இருந்து பார்க்கும்போது சூரியன் வருஷத்தில் 7 டிகிரி வரை இப்படியும் அப்படியும் சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி கட்டத்தை மாற்றிக் கொண்டால் போதும்.

கரும்புள்ளி ஒரு நிறம், சுடர் வேறு நிறம் என்று கலர் கலராக வரைந்து வைத்தார்கள். 1904-ல் தொடங்கிய இந்தப் படங்கள் 100 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தன.

ஜனவரி 5

எவர்ஷெட் வந்தபோது, சூரியனை ஒரே நிற ஒளியில் படம் பிடிக்கும் பெரிய கருவி அங்கே இருந்தது. அது சரியாக வேலை செய்யவில்லை. அவர் அதைச் சீர்படுத்தினார். பிறகு சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் மற்றொரு கருவியைத் தாமே பொருத்தி அமைத்தார்.

சூரிய ஒளியைப் பிரித்தால் வானவில் போன்ற பட்டை தெரியும். அதில் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஆவி நம்மை நோக்கி வந்தால் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். ரயில் நெருங்கி வரும்போது அதன் ஊதல் உரத்த சுருதியிலும், கடந்து போனதும் தாழ்ந்த சுருதியிலும் கேட்பது போல.

கரும்புள்ளி என்பது ஒரு சுழல் என்றே அப்போது பலர் எண்ணினார்கள். எவர்ஷெட் சூரியனின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிகளைப் படம் பிடித்தார். கருவியின் பிளவைத் திருப்பித் திருப்பி வைத்து எடுத்தார். கருவி ஒன்றுதான். மாறியது பிளவு நிற்கும் திசை மட்டுமே.

சுழலாக இருந்தால் ஒரு திசையில் கோடு சாய வேண்டும். ஆனால் அந்தத் திசையில் சாயவில்லை. மற்றத் திசையில் சாய்ந்தது! சூரியனின் நடுவில் இருந்த புள்ளிகளில் சாய்வே இல்லை. ஆவி சுழலவில்லை, நடுவில் இருந்து வெளியே பாய்கிறது என்பது தெளிவாயிற்று.

திசையைத் தவிர வேறு எதையாவது மாற்றியிருந்தால், சாய்ந்தது கோடா அல்லது கருவியின் குற்றமா என்ற சந்தேகம் வந்திருக்கும். இந்த உண்மைக்கு "எவர்ஷெட் விளைவு" என்று பெயர் ஏற்பட்டது. இன்றும் உலகம் முழுவதும் அந்தப் பெயர்தான்.

ஒரு கருவி, பல வேலை

கோடுகள் நகரும் தூரம் மிக மிகச் சிறியது. அதை அளக்க எவர்ஷெட் ஒரு புது வழி கண்டார்.

போட்டோவின் நெகட்டிவ் தகடு ஒன்று. அதன் பாசிட்டிவ் பிரதி ஒன்று. பிரதியை இடம் வலமாகத் திருப்பி, நெகட்டிவ் மேல் வைப்பார். மெல்ல நகர்த்துவார். ஒன்றில் உள்ள வெள்ளைக் கோடும் மற்றதில் உள்ள கறுப்புக் கோடும் சரியாகச் சேர்ந்தால், கோடே மறைந்து போகும். அப்போது அளவைப் படிப்பார். பிரதி திரும்பி இருப்பதால், நகர்ச்சி இரண்டு மடங்காகத் தெரியும். கண்ணின் பிழை குறையும்.

கரும்புள்ளிக்கும் இந்த முறைதான். சூரியனின் விளிம்புக்கும் இதே முறைதான். ஈர்ப்பு சக்தியால் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் என்று ஐன்ஸ்டைன் கூறியபோது, அதைச் சோதிக்கவும் இதே முறைதான்!

1911-ல் எவர்ஷெட் நிலையத்தின் டைரக்டர் ஆனார். சிவப்பு ஒளியில் சூரியனைப் படம் பிடிக்க மற்றொரு கருவி செய்தார். அதற்கென்று தனியாகக் கண்ணாடி வாங்கவில்லை. பழைய கருவிக்கு ஒளி தந்த அதே கண்ணாடி புதியதற்கும் ஒளி தந்தது. கண்ணாடியை ஒரு தடவை துடைத்துச் சரி செய்தால், இரண்டு கருவிக்கும் பலன்.

1915-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. 1918-ல் ராயல் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. மேரியும் சும்மா இருக்கவில்லை. கணவருடன் சேர்ந்து சூரியச் சுடர்களை ஆராய்ந்தார். கவிஞர் தாந்தே பற்றியும் பழைய வான சாஸ்திரிகள் பற்றியும் 1914-ல் ஒரு நூல் வெளியிட்டார்.

தோல்வியும் உண்டு

1922-ல் ஆஸ்திரேலியாவில் வாலால் என்ற கடற்கரைக்குக் கிரகணம் பார்க்க எவர்ஷெட் போனார். அங்கே சூரியன் முழுவதும் மறைந்திருந்தது சுமார் 5 நிமிஷமே. வானம் தெளிவாக இருந்தது. ஆனால் கருவிக் கோளாறினால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

தினமும் ஓடும் கருவியில் குறை வந்தால் மறுநாளே தெரியும், திருத்தலாம். ஒரே ஒரு நாளுக்காக நிறுத்திய கருவி அந்த நாளில் மக்கர் செய்தால் என்ன செய்வது?

அடுத்தவர் கையில்

1923-ல் எவர்ஷெட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கும் யூஹர்ஸ்ட் என்ற ஊரில் ஆராய்ச்சிக் கூடம் கட்டி, தள்ளாத வயது வரை சூரியனைப் பார்த்துக் கொண்டிருந்தார். மேரி 1949-ல் காலமானார். எவர்ஷெட் 1956 நவம்பர் 17-ந் தேதி, 92-வது வயதில் காலமானார்.

அவர் போன பிறகு கொடைக்கானலில் வேலை நின்றுவிட்டதா? இல்லை. அவருடன் வேலை செய்த ராய்ட்ஸ் டைரக்டர் ஆனார். செய்முறை எல்லாம் நிலையத்தின் வெளியீடுகளில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. யார் வந்தாலும் படித்துத் தொடர முடிந்தது. மழைக்கும் சூரியனுக்கும் எளிய கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 100 ஆண்டுச் சூரியன் தகடுகளில் பத்திரமாக இருக்கிறது.

அந்தத் தகடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் சூரியனின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவைக் குறிக்க வேண்டும். வடக்கு மேலே வரும்படி திருப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான படங்கள்!

கம்ப்யூட்டரில் இப்படிப்பட்ட வேலைகளை வரிசையாகச் செய்யச் சொல்லும் கட்டளைப் பட்டியலுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர். அனுபவம் இல்லாதவர் ஒவ்வொரு பட்டியலிலும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதுவார். ஒரு தவறு இருந்தால் பத்து இடத்தில் திருத்த வேண்டும். ஒன்பதைத் திருத்தி, ஒன்றை மறந்துவிடுவார்.

அனுபவம் உள்ளவர் அந்த வரிகளைச் சிறு சிறு துணைக் கட்டளைகளாகப் பிரித்து, ஒரே கோப்பில் வைப்பார். ஒரு துணைக் கட்டளைக்கு ஒரே வேலை. மாறக்கூடியதை மட்டும் வெளியில் இருந்து கொடுப்பார், எவர்ஷெட் பிளவைத் திருப்பியது போல. வேலை கெட்டால் சும்மா இருக்காமல் கெட்டது என்று அது அறிவிக்க வேண்டும். எதற்காக எழுதியது, எப்படிப் பயன்படுத்துவது என்று மேலே இரண்டு வரி குறிப்பு எழுதி வைப்பார். திருத்தம் வந்தால் அந்த ஓர் இடத்தில் திருத்துவார். திருத்தியபின், பழைய வேலைகள் எல்லாம் முன்போலவே நடக்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பார்.

நசுங்காத படி வீட்டில் ஒன்று இருந்தால், பாட்டி அளந்ததைப் பேத்தி சரி பார்க்கலாம். கொடைக்கானல் தகடுகளில் இன்று அதுதான் நடக்கிறது.