கருவிக்கு முன்னாடியே வந்த கேள்வி

ஏபிபி கம்பெனி பேர்ல கடைசியா வர்ற 'பி' யாருன்னு எலக்ட்ரிகல் பசங்களைக் கேட்டா போவெரின்னு சொல்லிடுவாங்க. 1891-ல சுவிட்சர்லாந்துல பிரவுன் போவெரி கம்பெனியைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் வால்டர் போவெரி. அவரோட அண்ணன் தியோடர் போவெரியும் நமக்குத் தெரிஞ்சவர்தான். பன்னிரண்டாம் வகுப்பு பயாலஜியில 'சட்டன்-போவெரி கொள்கை'ன்னு படிச்சிட்டு, பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டோம். இன்னிக்கு புற்றுநோய்க் கட்டியோட ஜீனோமை சீக்வென்ஸ் பண்றோமே, அதுக்கான அடிப்படைக் கேள்வியைக் கேட்டவர் அவர்.

தியோடர் 1862-ல ஜெர்மனியில பாம்பெர்க் என்ற ஊர்ல ஒரு டாக்டருக்கு மகனாப் பிறந்தார். மியூனிக்ல முதல்ல படிக்கப் போனது வரலாறும் தத்துவமும். சீக்கிரமே உயிரியல் பக்கம் வந்துட்டார். 1893-ல வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார். அங்கே ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவுல இருந்து மார்செல்லா ஓ'கிரேடி வந்தார். எம்ஐடியில உயிரியல் பட்டம் வாங்கின முதல் பெண் அவர். 1897-ல ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு. அதுக்கப்புறம் ஆராய்ச்சியும் சேர்ந்தேதான்.

இத்தாலியில நேப்பிள்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்துல நடந்த சோதனைதான் அவர் வாழ்க்கையோட முக்கியமான கட்டம். கடல் அர்ச்சின்னு ஒரு உயிரி, உடம்பெல்லாம் முள்ளோட உருண்டையா இருக்கும். அதோட ஒரு முட்டைக்குள்ள ரெண்டு விந்தணு நுழையும்படி செஞ்சார். இப்போ முட்டையில ரெண்டு செட் குரோமோசோமுக்குப் பதிலா மூணு செட். அந்த முட்டை ரெண்டா பிரியாம ஒரே நேரத்துல நாலா பிரிஞ்சுது. மூணு சீட்டுக்கட்டைக் கலைச்சு, கண்ணை மூடிக்கிட்டு நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்த மாதிரி. ஒருத்தர் கையில ராஜா நிறைய வரும், இன்னொருத்தருக்கு ராணியே வராது. அப்படிப் பிரிஞ்ச கருக்கள்ல பெரும்பாலானவை கெட்டுப்போச்சு, அதுவும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா. அப்போ குரோமோசோம் எல்லாம் ஒண்ணு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனி வேலை இருக்குன்னு 1902-ல எழுதினார்.

இங்கேதான் அவர் ஒரு படி மேல யோசிச்சார். தப்பான குரோமோசோம் சேர்க்கை கிடைச்ச செல் எப்பவுமே செத்துத்தான் போகணுமா? சாகாம, கட்டுப்பாடு இல்லாம பெருகினா? கட்டிகள்ல செல் கோணல்மாணலா பிரியறதை ஹான்ஸெமன் என்ற மருத்துவர் 1890-லயே பார்த்திருந்தார். போவெரி அதையும் தன் சோதனையையும் இணைச்சு, 1914-ல ஒரு சின்னப் புத்தகமா வெளியிட்டார். கட்டி ஒரே ஒரு செல்லுல இருந்து தொடங்குது. வளர்ச்சியைத் தடுக்கிற பகுதி தொலைஞ்சாலோ, தூண்டுற பகுதி அதிகமானாலோ செல் அடங்காம பெருகும். இதுதான் சாரம்.

அவர் டாக்டர் இல்ல, புற்றுநோய்க் கட்டியில சோதனை செஞ்சவரும் இல்ல. மனுஷனுக்கு 46 குரோமோசோம்னு உறுதியானதே 1956-லதான். அதனால மருத்துவ உலகம் அவர் சொன்னதைப் பெருசா எடுத்துக்கல. அதுக்கு முன்னாடியே பெர்லின்ல புதுசா வந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவராக் கூப்பிட்டப்போ, உடம்பு முடியாததால மறுத்துட்டார். 1915 அக்டோபர்ல, 53 வயசுல இறந்துபோனார். மார்செல்லாதான் அந்தப் புத்தகத்தை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 1929-ல கொண்டுவந்தார்.

1960-ல ஒரு வகை ரத்தப் புற்றுநோய்ல வழக்கத்தைவிடக் குட்டியான ஒரு குரோமோசோமை அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. போவெரி பேர் திரும்ப எழுந்தது. 2011-ல ஹேரி செல் லூக்கீமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோய். இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் முதல்ல ஒரே ஒரு நோயாளியோட புற்று செல்லையும் நல்ல செல்லையும் சீக்வென்ஸ் பண்ணி ஒப்பிட்டாங்க. பிராஃப் என்ற ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருந்தது. இன்னும 47 நோயாளிகள்கிட்ட தேடினா, 47 பேர்கிட்டயும் அதே மாற்றம்! மெலனோமாவுக்காக வந்த பிராஃப் மருந்தை இந்த நோய்க்கும் கொடுத்துப் பார்க்க வழி திறந்தது.

போவெரி முழு குரோமோசோமை நினைச்சார். இங்கே மாறினது கிட்டத்தட்ட 300 கோடி எழுத்துல ஒண்ணு. அளவுலதான் வித்தியாசம். நல்ல செல்லுல இருந்து புற்று செல்லுல என்ன மாறிப்போச்சுங்கிற கேள்வி அதேதான். மெஷின் வாங்கினாதான் ஆராய்ச்சின்னு நினைக்கிற நம்ம பசங்களுக்கு, ஒரு மைக்ரோஸ்கோப்பும் கடல் அர்ச்சின் முட்டையும் வச்சுக்கிட்டு அவர் எவ்வளவு தூரம் போனார்னு சொல்லத் தோணுச்சு.