ஆடிட்டர் வேலையை விட்டு மண்ணின் கணக்கைப் பார்த்தவர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

மாசக் கடைசி. சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருக்கு. சேமிப்புல கை வைக்கலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் யோசிப்பீங்க இல்லையா? விளக்கு, அரிசி, எண்ணெய் என்று வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் அதே யோசனையோடு பார்த்த ஒரு ஆடிட்டர் இருந்தார். அவர் நம்ம ஊர்க்காரர். ஆனால் அவர் வாழ்க்கையின் முக்கியமான வேலை நடந்தது மகாராஷ்டிராவின் வார்தாவில்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார், அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா கூப்பிட்டதால் ஊர் திரும்பி, பம்பாயில் ஆடிட்டர் தொழிலில் இறங்கினார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். இன்றைக்கு உங்களில் பலர் ஆசைப்படும் அதே வாழ்க்கைதான்.

திருப்பம் எங்கே வந்தது?

1927-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் வரவு செலவை எடுத்துக்கொண்டு, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். வாங்கிய வரி எங்கே போகிறது என்று ஒரு ஆடிட்டர் தேடினால் என்ன கிடைக்குமோ, அதுதான் கிடைத்தது. இந்த நாட்டு மக்களிடம் வசூலித்த பணம் இந்த மக்களுக்காகச் செலவாகவில்லை.

அந்த ஆய்வோடு 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அதைத் தன் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் மாதர் தாலுகா கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பொருளாதாரக் கணக்கெடுக்கும் வேலையையும் கொடுத்தார். கொர்னேலியஸ் குடும்பத்தின் பழைய பெயருக்குத் திரும்பி குமரப்பா ஆனார். சூட்டுப் போய் கதர் வந்தது. பிறகு சிறைவாசமும் வந்தது.

ஆனால் உள்ளே இருந்த ஆடிட்டர் மாறவே இல்லை. 1934 பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதிக் கணக்கு இவர் கையில் இருந்தது. காந்தியும் அவருடன் வந்தவர்களும் அங்கே பயணம் செய்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நிதியிலிருந்து பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அது பாதிக்கப்பட்டவர்களுக்கான காசு. காந்தி அதை ஏற்றுக்கொண்டார்.

ஒரு விளக்கில் என்ன இருக்கிறது?

அதே ஆண்டின் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அதன் செயலாளராக உட்கார்ந்தார் குமரப்பா. கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், கழிவிலிருந்து உரம்... இன்றைக்கு ஆர்கானிக் கடையில் நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பலதும் அங்கே அன்றாட வேலை.

அங்கே உருவான ஒரு பொருளை மட்டும் பாருங்க. மகன் தீபம் என்று ஒரு விளக்கு. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும். ஒரு விளக்குக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு தோணலாம். மண்ணெண்ணெய் எங்கோ பூமிக்கடியிலிருந்து வருகிறது, எடுக்க எடுக்கத் தீரும், காசும் ஊரை விட்டுப் போகும். எண்ணெய் வித்து அதே ஊர் நிலத்தில் விளைகிறது. செக்கு ஆட்டுபவருக்கு வேலை, மாட்டுக்குப் பிண்ணாக்கு, நிலத்துக்குச் சாணம். அடுத்த வருஷமும் விளையும்.

குமரப்பா உலகத்துப் பொருள்களை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் தேங்கிக் கிடக்கும் இருப்பு. வெயில், ஆறு, விளைச்சல் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும் வரவு. அவருடைய தொழில் மொழியில் சொன்னால், முதலைச் செலவழிப்பதா, வருமானத்தில் வாழ்வதா என்பதுதான் கேள்வி. தீரும் இருப்பை நம்பி வாழ்ந்தால் அதற்காகச் சண்டை வரும், போர் வரும் என்றும் எச்சரித்தார்.

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மறுபடியும் சிறை. அங்கே எழுதியதுதான் எகானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்ற புத்தகம். நிலைத்திருக்கும் பொருளாதாரம் என்று தமிழில் சொல்லலாம். கொன்று தின்னும் புலி, தோட்டத்தில் பறித்துத் தின்னும் குரங்கு, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. இதில் மனிதன் எந்தப் படியில் நிற்கப் போகிறான் என்று அந்தப் புத்தகம் கேட்கிறது.

அவர் ஜெயித்தாரா?

உண்மையைச் சொல்லணும்னா, இல்லை. சுதந்திர இந்தியா பெரிய ஆலைகளின் பாதையில் போனது. நேருவின் திட்டமிடலோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. கடைசிக் காலத்தில் மதுரைக்குப் பக்கத்தில் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளிலேயே மறைந்தார். 1973-ல் ஷூமாக்கரின் ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டபோது, அதற்குள் குமரப்பாவின் வரிகளும் இருந்தன. சொந்த ஊரில் அவர் பெயர் தெரியாதவர்கள்தான் இன்றைக்கும் அதிகம்.

பத்தாவது மாடி ஃபிளாட்டில் செக்கு வைக்க முடியாது. அதை யாரும் உங்ககிட்ட கேட்கவும் இல்லை. அடுத்த தடவை மளிகை பில் வரும்போது, அதில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கோங்க. சோப்பு, எண்ணெய், அரிசி, எதுவா இருந்தாலும் சரி. இது எங்கிருந்து வந்தது, யாருக்குக் காசு போச்சு, தீர்ந்த பிறகு என்னவாகும்னு மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இருப்பா, வரவா? பதிலைப் பார்த்து அந்த ஒரு பொருளை மட்டும் மாத்தினாலும் போதும். அடுத்த மாசம் இன்னொன்று.